வளவு வீட்டுல ராமானுஜன் குடியிருந்தா?

விஞ்ஞானிகளைப் பற்றிக் குறும்படம் எடுக்கும் காரைக்குடிப் பக்கத்துப் பிள்ளைகள் கேட்டவை, கலை இயக்கம் தெரிந்தவரின் பதில்களோடு.

கானாடுகாத்தானிலிருந்து: அண்ணே, எங்க ஐயா வீட்டுல பர்மாத் தேக்குத் தூண், ஆத்தங்குடித் தரை. ராமானுஜன் வீடாக் காட்டலாமா?

வேண்டாம் தம்பி. அவர் வளர்ந்தது கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில், திண்ணை வைத்த சின்ன ஓட்டு வீட்டில். வளவை, அதாவது செட்டிநாட்டுப் பெரிய வீட்டை, காட்டிவிட்டு வசனத்தில் வறுமை பேசினால் யாரும் நம்பமாட்டார்கள். பின்கட்டு அடுப்படி, கிணற்றடி போதும். தரையில் பாலித்தீன், அதன்மேல் சாக்கு, அதன்மேல் பிளைவுட் போட்டு, களிமண்ணும் சாணமும் மெழுகுங்கள். சாக்கை விட்டால் நடக்கும்போது பலகை தொம்தொம்மென்று மைக்கில் விழும். பாலித்தீனை விட்டால் ஆத்தங்குடிக் கல்லில் கறை இறங்கும், அப்புறம் ஐயாவுக்கு நீங்கள்தான் பதில் சொல்லவேண்டும்.

தேவகோட்டையிலிருந்து: அவர் நோட்டு முழுக்கக் கணக்குப் போடுவதாக எடுக்கலாமா?

சிலேட்டைக் கொடுங்கள். தாள் விலை கட்டாது என்று பலப்பத்தால் சிலேட்டில் போட்டு முழங்கையால் அழிப்பார், விடையை மட்டும் நோட்டில் ஏற்றுவார். அதனால் நோட்டில் பெரும்பாலும் நிரூபணம் இருக்காது. குளோசப்பில் கணக்கு வாத்தியார் ஒருவரின் கையை வையுங்கள். நடிகர் எழுதினால் கை தயங்குவது தெரியும். ஒவ்வொரு டேக் முடிந்ததும், அழிக்கும் முன் சிலேட்டைப் போட்டோ எடுங்கள்.

காரைக்குடிக் கல்லூரி மாணவி: ராமன் விளைவைத் திரையில் எப்படிக் காட்டுவது?

1928 பிப்ரவரி 28, கல்கத்தா. ஊதா ஃபில்டர் வழியே வந்த ஒளியைத் திரவத்தில் பாய்ச்சி, மறுபக்கம் பச்சை-மஞ்சள் ஃபில்டர் வைத்துப் பார்க்கிற முறை அது. இருட்டறையில் கண்ணாடிக் குடுவை, லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மூன்று சொட்டுப் பால், ஊதா ஜெல் (நிற வடிகட்டித் தாள்) ஒட்டிய எல்.இ.டி. டார்ச். ஒளிக்கோடு அழகாகத் தெரியும். பால் கூடினால் குடுவை முழுக்க வெளுத்துவிடும். ஆனால் பாலில் தெரிவது சாதாரணச் சிதறல்தான், நிறம் மாறாது. ராமன் தேடியது நிறம் மாறிய மிகச் சிறு பங்கு. ஆகவே அந்த மங்கலான பச்சையை எடிட்டிங்கில் சேருங்கள், பளீரென்று போடாமல். நிஜப் பாதரச விளக்கு வேண்டாம். வெளிக்கண்ணாடி உடைந்து எரிந்தால் புற ஊதாக் கதிர் கண்ணைக் கெடுக்கும். பக்கத்தில் ராமனோடு சேர்ந்து ஆராய்ந்த கே.எஸ். கிருஷ்ணன் இல்லாவிட்டால் காட்சியே பொய்.

பள்ளத்தூரிலிருந்து: ராமானுஜனாக நடிக்க ஒல்லியான பையன்தானே வேணும்?

இங்கிலாந்துக்குக் கப்பலேறும் வரை அவர் பருமன். மெலிந்தது நோயில். சின்ன வயதில் அம்மை கண்டவர், தழும்பை மேக்கப்காரரிடம் சொல்லிவையுங்கள். பருமன் காட்சிகளை முதலில் முடியுங்கள். 1914 மார்ச்சில் புறப்படும் முன்பே குடுமியை எடுத்துவிட்டார்கள், லண்டன் காட்சிக்கு விக் மாற்ற மறக்காதீர்கள்.