அரக்கு நிறம் என்பது எந்த நிறம்? மெரூனும் அதுவும் ஒன்றுதானா?

ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் மெரூன் வந்துவிட்டது என்பதற்காக அரக்கைக் கைவிட்டுவிடாதீர்கள். ஈரோட்டு ஜவுளிக் கடையில் 'மாம்பழ மஞ்சள் உடல், அரக்குக் கரை' என்று கேட்டால் போதும், எடுத்துப் போடுபவர் கை நேராக அந்த அடுக்குக்குப் போகும்.

சந்தேகமாக இருந்தால் புடவையை வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் விரித்துப் பாருங்கள். டியூப்லைட்டில் கறுப்போடு ஒட்டிக்கொண்டு நிற்கும் அரக்கு, வெயில் பட்டதும் உள்ளிருந்து சிவக்கும். அப்போதும் பழுப்பாகவே இருந்தால் அது காப்பிக்கொட்டை நிறம். பளீரென்று கண்ணில் அடித்தால் மிளகாய்ப்பழச் சிவப்பு.

அரக்கு என்பது முதலில் ஒரு பொருளின் பெயர். புரசு, இலந்தை போன்ற மரங்களின் சிறு கிளைகளில் கூட்டமாக ஒட்டிச் சாறு உறிஞ்சும் அரக்குப்பூச்சி, தன்னைச் சுற்றிச் சுரக்கும் பிசின் அது. பூச்சியின் உடலிலேயே சிவப்புச் சாயம் உண்டு. அதைக் கழுவிப் பிரித்துத் துணிக்கு ஏற்றினார்கள். பிசின் முத்திரை வைக்கவும் நகைக்குள் நிரப்பவும் ஆனது. பழைய கல் அட்டிகையை விற்கப் போனால் அரக்குக்கு என்று எடையில் கழிப்பார்களே, அதே அரக்குதான். பாண்டவர்களுக்குக் கட்டிய அரக்கு மாளிகைக்குப் பெயர் வந்தது நிறத்தால் அல்ல, எளிதில் தீப்பற்றும் இந்தப் பிசினால்.

அகநானூற்றின் 14ஆம் பாடல் 'அரக்கத்தன்ன செந்நிலப் பெருவழி' என்று தொடங்குகிறது. அரக்கைப் போலச் சிவந்த மண்வழி, அதில் உதிர்ந்து கிடக்கும் காயாம்பூ, இடையே ஊரும் ஈயல்மூதாய். மழைக்குப் பின் மண்ணிலிருந்து வெளிவருமே, சிவப்பு வெல்வெட்டுத் துண்டு போன்ற பட்டுப்பூச்சி (பட்டுநூல் தருவது அல்ல), அதுதான் ஈயல்மூதாய். காங்கயம் பக்கம் மழை விட்டதும் செம்மண் இட்டேறியில், அதாவது வேலிகளுக்கு நடுவே போகும் தடத்தில், நடந்தவர்களுக்கு இந்த வரிகளுக்கு உரையே வேண்டாம். இத்தனை பழைய சொல் இன்னும் கடைப்பேச்சில் உயிரோடு இருப்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

எல்லா அடர் சிவப்புக்கும் இது பொருந்தாது. அந்தி வானம் என்றால் செக்கர் வானம். வெட்கத்தில் முகம் சிவக்கும், அவ்வளவே. துணி, சாந்துப்பொட்டு, வளையல், சாயம் என்று வரும்போது மொழிபெயர்ப்பாளர்கள் 'கருஞ்சிவப்பு' என்று எழுதுவதைவிட அரக்கு என்றே எழுதலாம். எழுதும்போது ஒற்று மிகும்: அரக்குக் கரை, அரக்குச் சேலை, அரக்குப் பாவாடை.