மாத்திரை இருக்கிறது, பேச ஆள் இருக்கிறாரா? எச்.ஐ.வி கேள்வி பதில்

எச்.ஐ.வியோடு வாழ்பவர்களின் மாவட்டச் சங்கம் ஒன்றில் ஆலோசகராக இருக்கிறேன். நானும் தினமும் மாத்திரை சாப்பிடுபவள்தான். வந்த கேள்விகளில் சில:

கேள்வி: ஏஆர்டி (எச்.ஐ.விக்கான கூட்டு மருந்து சிகிச்சை) மையத்தில் மாத்திரை தருகிறார்கள், உடம்பும் தேறிவிட்டது. அப்புறம் சங்கம் எதற்கு?

பதில்: அரசு இலவசமாகக் கூட்டு மருந்து கொடுக்க ஆரம்பித்தது 2004 ஏப்ரலில். அதற்கும் பல வருடம் முன்பே, 1997-98லேயே, சென்னையில் எச்.ஐ.வி பாசிட்டிவ் மக்கள் சங்கம் தொடங்கிவிட்டார்கள். மருந்து கைக்கு எட்டாத காலத்தில் ஒருவரை ஒருவர் தாங்கிக்கொண்டவர்கள் அவர்கள். இன்றைக்கு மருந்தை விட்டுவிட்டு வருகிறவர்களிடம் காரணம் கேட்டால், வெளியூர் வேலை, குடி, யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயம், வாழ்க்கையே வெறுத்துப்போனது என்றுதான் சொல்கிறார்கள். கூட்டம் நெரியும் மையத்தில் மருத்துவர் இதையெல்லாம் உட்கார்ந்து கேட்க முடியுமா? நாங்கள் கேட்போம். மருந்து வாங்க வராதவரைத் தேடியும் போவோம். எதற்காக வந்தோம் என்று வாசலில் நின்று சொல்ல மாட்டோம், பயப்படாதீர்கள்.

கேள்வி: மாமியார் வீட்டில் யாருக்கும் தெரியாது. டப்பா குலுங்கும் சத்தம் கேட்டாலே படபடக்கிறது, அக்கா.

பதில்: டப்பாவுக்குள் கொஞ்சம் சுத்தமான, உலர்ந்த பஞ்சை வைம்மா, சத்தம் வராது. உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலத்தை மட்டும் எடுத்துவிடாதே. சத்தத்தை அடக்கிவிடலாம், ஆனால் மனசுக்குள் இருப்பதைக் கொட்ட ஒரு ஆள் வேண்டும். வீட்டில் சொல்ல அவசரமில்லை. முதலில் எங்கள் பெண்கள் கூட்டத்துக்கு வந்து சும்மா உட்கார். பேசாவிட்டாலும் பரவாயில்லை.

கேள்வி: கணவர் இறந்ததும் என்னையும் பையனையும் வீட்டைவிட்டுப் போகச் சொல்கிறார்கள்.

பதில்: போகாதீர்கள். 2017 எச்.ஐ.வி சட்டம் 2018 செப்டம்பரிலிருந்து அமலில் இருக்கிறது. குடும்பமாக வாழ்ந்த வீட்டில் தொடர்ந்து இருக்க அது உரிமை தருகிறது. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வக்கீல் இலவசம். தனியாகப் போக வேண்டாம், சங்கத்திலிருந்து ஒருவர் கூட வருவார். ரகசியமாகப் பேச 1097 என்ற தொலைபேசி உதவி எண் இருக்கிறது, அதற்கும் கட்டணம் இல்லை.

கேள்வி: கல்யாணம் செய்துகொள்ளலாமா?

பதில்: தாராளமாக. மருந்தை விடாமல் சாப்பிட்டு, வைரல் லோடு (ரத்தத்தில் கிருமியின் அளவு) பரிசோதனையில் கிருமி தென்படாத அளவிலேயே தொடர்ந்தால், உடலுறவில் துணைக்குத் தொற்றாது. ஆனால் கட்டிக்கொள்ளப் போகிறவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். எப்படிச் சொல்வது என்று தயக்கமிருந்தால் இருவரும் சேர்ந்தே வாருங்கள்.

கேள்வி: தங்கச்சிக்கு பாசிட்டிவ். அண்ணனாக நான் என்ன செய்யலாம்?

பதில்: அவளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்திருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். சேர்ந்து சாப்பிடுவதால் தொற்றாது. அடுத்த முறை மருந்து வாங்கப் போகும்போது, "நானும் வரட்டுமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். அதற்கு அடுத்த முறையும் கேளுங்கள்.