முட்டிச் சிராய்ப்பு: காயவிடுவதா, மூடுவதா?

கேள்வி: சைக்கிளிலிருந்து விழுந்து என் மகனுக்கு முட்டியில் சிராய்ப்பு. ஸ்பிரிட் வைத்துத் துடைத்து, காற்றுப் படட்டும் என்று திறந்தே விட்டேன். மூன்று நாளாகியும் பொருக்கு வெடித்து ரத்தம் கசிகிறது. என்ன தப்பு செய்தேன்?

பதில்: காயவிட்டதுதான் தப்பு. காற்றாடினால் சீக்கிரம் ஆறும் என்று நம் எல்லோருக்கும் சொல்லித்தான் வளர்த்திருக்கிறார்கள், ஆனால் புதுத்தோல் செல்கள் ஈரத்தில்தான் எளிதாக நகர்ந்து காயத்தை மூடும். முட்டியில் காய்ந்த பொருக்கு, கால் மடக்கும்போதெல்லாம் வெடிக்கத்தான் செய்யும். ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு எல்லாம் புதுத்தோலையும் சேர்த்து அரிக்கும். பையன் அலறியதுதான் மிச்சம்!

இனி தினமும் கையைக் கழுவிக்கொண்டு, ஓடும் குழாய்த் தண்ணீரில் காயத்தைக் காட்டுங்கள், சோப்பு சுற்றியுள்ள தோலுக்கு மட்டும் போதும். பொருக்கைப் பிய்க்க வேண்டாம். மெல்லிசாகப் பெட்ரோலியம் ஜெல்லி தடவி, ஒட்டாத டிரஸ்ஸிங்கால் மூடுங்கள். வெறும் பஞ்சு வைத்தால் இழை ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது பொருக்கோடு வரும்.

உள்ளே கறுப்பாக மண் தெரிகிறதா? அப்படியே விட்டால் பச்சை குத்தியதுபோல் நிரந்தரமாகத் தங்கிவிடலாம், டாக்டரிடம் காட்டி எடுத்துவிடுங்கள். சிவப்பு பரவினாலும், சீழ், காய்ச்சல், வலி கூடினாலும் அன்றே போங்கள். அப்புறம், டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று பாருங்கள், மண் பட்ட காயத்துக்கு 5 ஆண்டு தாண்டியிருந்தால் மறுபடி தேவைப்படும், இதைத் தள்ளிப்போடாதீர்கள்.