பேட்டரியில் இயங்கும் மோஷன் சென்சார்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: வீட்டின் நடைவழி, மாடிப்படி, குளியலறை, படிப்பறை ஆகிய நான்கு இடங்களிலும் ஆள் வந்தால் விளக்கு தானாக எரிய வேண்டும் என்று விரும்புகிறோம். சுவரை உடைத்து மின்கம்பி இழுக்க மனமில்லாததால், பேட்டரியில் இயங்கும் மோஷன் சென்சார்களையே தேடுகிறோம். முதலில் வாங்கிப் பார்த்த வைஃபை சென்சாரின் பேட்டரி சில மாதங்களிலேயே தீர்ந்துவிட்டது. போதாததற்கு, மேசையில் அமர்ந்து படித்துக்கொண்டிருக்கும்போதே விளக்கு அணைந்துவிடுகிறது. நான்கு இடங்களுக்கும் ஒரே வகையை வாங்கலாமா? பெட்டியில் அச்சிட்டிருக்கும் விவரங்களில் எவற்றைக் கவனிக்க வேண்டும்?

பதில்: ஒரே வகையை நான்கு இடங்களுக்கும் வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நடைவழிக்கும் மாடிப்படிக்கும் பேட்டரி சென்சார் மிகவும் பொருத்தமானது. குளியலறையில் ஒரு துணைக்கருவியுடன் சேர்த்தால் நன்றாக வேலை செய்யும். படிப்பறையில் பெரும்பாலும் ஏமாற்றமே தரும். உங்கள் விளக்கு அணைந்துபோவது அந்தக் கருவியின் பழுது அன்று, அந்த வகையின் இயல்பு.

பேட்டரியில் இயங்குபவை ஏறக்குறைய எல்லாமே பிஐஆர் எனப்படும் அகச்சிவப்பு வகையைச் சேர்ந்தவை. இவ்வகைச் சென்சார் எதையும் வெளியே அனுப்புவதில்லை. மனித உடல் இயல்பாகவே வெளியிடும் வெப்பக் கதிரை, குறிப்பாக 10 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய பகுதியை, பெற்றுக்கொள்வதோடு சரி. உள்ளிருக்கும் படிகம் அந்தக் கதிரின் அளவு மாறும்போது மட்டுமே மின்குறிப்பை எழுப்பும். முன்பக்கத்தில் தெரியும் பால்வெள்ளை மூடி, உண்மையில் பல சிறு ஃபிரனெல் வில்லைகளின் தொகுப்பு. அது அறையை விரித்த விரல்களைப் போலப் பல பட்டைகளாகப் பிரிக்கிறது. ஒருவர் ஒரு பட்டையிலிருந்து அடுத்த பட்டைக்குக் கடக்கும்போதுதான் படிகத்தின் மீது விழும் கதிர் மாறுகிறது, சென்சாரும் விழித்துக்கொள்கிறது. ஆகவே குறுக்கே நடப்பவரை அது எளிதில் கண்டுகொள்ளும். நேராகத் தன்னை நோக்கி வருபவரைச் சற்றுத் தாமதமாகவே அறியும். அசையாமல் அமர்ந்து பக்கம் புரட்டுபவரை அறவே தவறவிடக்கூடும். சாதாரண ஜன்னல் கண்ணாடி இந்த அலைநீளக் கதிரைத் தடுத்துவிடுவதால், கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் நிற்பவரும் அதற்குத் தெரியமாட்டார். அறையின் வெப்பநிலை உடல் மேற்பரப்பின் வெப்பநிலையை, அதாவது 32 முதல் 34 டிகிரி செல்சியஸ் அளவை, நெருங்கும் நாட்களில் உணரும் தொலைவு கணிசமாகக் குறையும். பெட்டியில் 7 மீட்டர் என்று போட்டிருந்தால், வெக்கையான நாளில் அதை அப்படியே நம்பிவிடக் கூடாது.

அசையாதவரையும் அறிய மில்லிமீட்டர் அலை ராடார் சென்சார்கள் இருக்கின்றன. 24 அல்லது 60 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் இவை, மூச்சு விடும்போது மார்பில் ஏற்படும் சிறு அசைவைக்கூட உணரவல்லவை. ஆனால் அதற்கு அலைகளை விடாமல் அனுப்பிக்கொண்டிருக்க வேண்டும். தொடர்ந்து 80 மில்லி ஆம்பியர் இழுக்கும் ஒரு ராடாரை, 2,500 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவு உள்ள ஏஏ பேட்டரிகளில் ஓட்டினால் ஒன்றரை நாள்கூடத் தாங்காது. பிஐஆர் முதலில் ஆளைக் கண்டதும் ராடாரைச் சிறிது நேரம் எழுப்பிவிட்டு மீண்டும் உறங்கவைக்கும் கலப்பு வகைகள் பேட்டரியிலும் வரத் தொடங்கியுள்ளன. அவற்றின் பேட்டரி ஆயுள், அறையில் நீங்கள் எவ்வளவு நேரம் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே அமையும் என்பதால், பெட்டியில் சொல்லியிருக்கும் ஆண்டுக் கணக்கைப் பாதியாக எடுத்துக்கொள்வது விவேகம் என்பது என் கருத்து.

இந்த ஆண்டுக் கணக்கு எங்கிருந்து வருகிறது என்று ஒரு முறை கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். சிஆர் 2032 பட்டன் செல்லின் கொள்ளளவு ஏறத்தாழ 220 மில்லி ஆம்பியர் மணி. இரண்டு ஆண்டு என்பது 17,520 மணி நேரம். வகுத்துப் பார்த்தால், சராசரியாக 12.5 மைக்ரோ ஆம்பியருக்கு மேல் செலவழிக்க அந்தக் கருவிக்கு உரிமையில்லை என்று தெரியவரும். ஒரு மில்லி ஆம்பியரில் எண்பதில் ஒரு பங்குதான் இது. அந்த அளவுக்குள் நிற்க வேண்டுமானால், கருவி தன் வாழ்நாளின் பெரும்பகுதியை உறங்கியே கழிக்க வேண்டும். எனவே பேட்டரி எத்தனை ஆண்டு வரும் என்பதைக் கேட்பதற்கு முன்னால், எதைச் செய்யாமல் இருந்து அந்த ஆண்டுகளை இது மிச்சப்படுத்துகிறது என்று கேட்க வேண்டும்.

இதற்கான விடை, பெட்டியின் முகப்பில் அச்சிடப்படாத ஒரு விவரத்தில் இருக்கிறது. ஓர் அசைவை அறிவித்த பிறகு, அடுத்த அசைவை அறிவிப்பதற்கு முன்னால் சென்சார் எடுத்துக்கொள்ளும் ஓய்வு நேரம் அது. சிலவற்றில் 10 நொடி, பலவற்றில் 60 நொடி, திருட்டு எச்சரிக்கைக்காக உருவாக்கப்பட்ட சிலவற்றில் 3 நிமிடம் வரையும் இருக்கும். விளக்கை அணைக்க நீங்கள் வைக்கும் நேரம் இந்த ஓய்வு நேரத்தைவிடக் கூடுதலாக இருந்தே ஆக வேண்டும். ஓய்வு 60 நொடியாக இருக்கையில் 45 நொடியில் அணையும்படி அமைத்துவிட்டால், கைகால் வீசி நடந்துகொண்டிருப்பவரின் தலைக்கு மேலும் விளக்கு அணையும். எச்சரிக்கை வகைகளில் இன்னொரு சிக்கலும் உண்டு: சில கருவிகள், தொடர்ந்து 3 நிமிடம் எந்த அசைவும் இல்லாமல் இருந்தால் மட்டுமே அடுத்த அறிவிப்புக்குத் தயாராகும். ஆள் நடமாட்டம் ஓயாத இடத்தில் இவை ஒரு முறை அறிவித்துவிட்டு நெடுநேரம் வாய் திறக்காது. திருடனைக் கண்டுபிடிக்க அந்த ஒரு முறையே போதும், ஆனால் விளக்கை எரியவைத்துக்கொண்டிருக்கப் போதாது. ஓய்வு நேரத்தைச் செயலியில் மாற்றிக்கொள்ள முடியுமா என்பதை விவரக் கையேட்டில் பார்த்துவிட்டு வாங்குங்கள். கையேட்டில் அந்த எண்ணே இல்லையென்றால் வேறு ஒன்றைப் பார்ப்பது நல்லது.

அடுத்தது, செய்தியை அனுப்பும் முறை. உங்கள் வைஃபை சென்சாரின் பேட்டரி விரைவில் தீர்ந்ததற்கு இதுவே காரணமாக இருக்க வேண்டும். வைஃபை வழியாக ஒரு சிறு செய்தியை அனுப்பவும், சென்சார் விழித்து, ரவுட்டரோடு மீண்டும் இணைந்து, 100 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுத்தபடி ஓரிரு நொடி செலவிட நேரும். ஜிக்பீ, த்ரெட், இசட்-வேவ் ஆகிய கம்பியில்லாத் தொடர்பு முறைகள் உறங்கும் கருவிகளையும் மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டவை. அவற்றில் அதே வேலை ஒரு நொடியின் சிறு பகுதியில், மிகக் குறைந்த மின்னோட்டத்தில் முடிந்துவிடும். இவற்றுக்கு, சென்சார்களின் செய்தியைப் பெற்று விளக்குகளுக்குக் கட்டளையிடும் நடுவண் கருவியான ஹப் ஒன்று தனியாகத் தேவை என்பது உண்மைதான். நான்கு சென்சார்கள் என்றாலே அந்தச் செலவு நியாயமானது என்பேன். 2022 அக்டோபரில் வெளியான மேட்டர் தரநிலையின் முத்திரையைப் பெட்டியில் கண்டால், அது த்ரெட் வழியாகவா வைஃபை வழியாகவா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மேட்டர் என்பது கருவிகள் பேசிக்கொள்ளும் மொழி மட்டுமே. பேட்டரியைத் தீர்மானிப்பது அடியிலிருக்கும் கம்பியில்லாத் தொடர்பு முறைதான். த்ரெட் என்றால், அதை வீட்டு வலையமைப்போடு இணைக்கும் பார்டர் ரவுட்டர் உங்களிடம் இருக்க வேண்டும்.

ஜிக்பீயிலும் த்ரெட்டிலும் பேட்டரி சென்சார்கள் பிற கருவிகளின் செய்தியை ஹப்புக்குக் கடத்துவதில்லை. நிரந்தர மின்சாரத்தில் இருக்கும் பிளக், பல்ப் போன்றவையே அந்த வேலையைச் செய்கின்றன. அப்படியொரு ஸ்மார்ட் பல்பைச் சுவர் சுவிட்சில் யாராவது அணைத்துவிட்டால், அதை நம்பியிருந்த சென்சார் தொடர்பு இழந்து வேறு வழி தேடும். அந்தத் தேடலும் பேட்டரியைத் தின்னும். ஆகவே ஹப்பிலிருந்து தொலைவில் இருக்கும் மாடிப்படிக்கு அருகே, யாரும் அணைக்காத ஒரு ஸ்மார்ட் பிளக் இருக்கட்டும். சென்சாரை மேசை மேல் வைத்து இணைத்துவிட்டுப் பிறகு எடுத்துப் போய் மாட்டுவதைவிட, மாட்ட வேண்டிய இடத்திலேயே வைத்து இணைப்பது நல்லது. சில கருவிகள் முதலில் பிடித்த இணைப்பை எளிதில் விடுவதில்லை. ஹப்பை யூஎஸ்பி 3 கருவிகளுக்கு மிக அருகில் வைப்பதையும் தவிருங்கள், அவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலைக் கிளப்பும்.

பேட்டரி வகையைப் பொறுத்தவரை, இடம் இருக்கும்போதெல்லாம் பட்டன் செல்லைவிட இரண்டு ஏஏஏ பேட்டரி கொண்டதையே தேர்ந்தெடுப்பேன். உருவம் சற்றுப் பெரிதாக இருக்கும். ஆனால் ஏறத்தாழ 1,000 மில்லி ஆம்பியர் மணி கிடைக்கும், அதாவது சிஆர் 2032-ஐப் போல நான்கு மடங்குக்கு மேல். பட்டன் செல்தான் வேண்டும் என்றால், ஏறத்தாழ 600 மில்லி ஆம்பியர் மணி கொண்ட சிஆர் 2450 நடுவழி. மின்னேற்றம் செய்யக்கூடிய நிக்கல் பேட்டரிகள் 1.2 வோல்ட் மட்டுமே தருவதால், சில சென்சார்கள் புதிதாக ஏற்றிய பேட்டரியையே பாதி தீர்ந்ததாகக் காட்டும். கையேடு அனுமதித்தால் மட்டும் பயன்படுத்துங்கள். லித்தியம் ஏஏஏ பேட்டரியில் நிலைமை நேர்மாறானது: கடைசி வரை நிறைவாகக் காட்டிவிட்டுத் திடீரென்று தீர்ந்துபோகும். ஆகையால் செயலி காட்டும் சதவீதத்தை நம்புவதைவிட, சென்சார் ஒரு நாள் முழுவதும் எந்தச் செய்தியும் அனுப்பாவிட்டால் எச்சரிக்கும்படி ஹப்பில் அமைத்துக்கொள்வது பயனுள்ளது.

இனி உங்கள் நான்கு இடங்கள். நடைவழியில், சென்சாரை வழியின் கோடியில் வைத்து நீளவாக்கில் பார்க்கவிடாமல், பக்கச்சுவரில் ஏறத்தாழ 2 மீட்டர் உயரத்தில், நடப்பவர் குறுக்கே கடக்கும்படி பொருத்துங்கள். ஒளியளவையும் உணரும் வகையாக இருந்தால் பகலில் வீணாக எரியாது. ஆனால் அந்த அளவை விளக்கை ஏற்றும் நேரத்தில் மட்டும் பார்க்கும்படி ஹப்பில் விதியை எழுதுங்கள், இல்லையென்றால் தான் ஏற்றிய விளக்கின் வெளிச்சத்தைக் கண்டு தானே அணைத்து, மீண்டும் ஏற்றும் கூத்து நடக்கும். மாடிப்படிக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு வேண்டும். முதல் படியில் கால் வைப்பதற்குள் விளக்கு எரிந்தாக வேண்டிய இடம் இது. ஆகவே கட்டளை இணையத்திற்குப் போய்த் திரும்பாமல், ஹப்பிலேயே முடிவாகும் அமைப்பாக இருக்க வேண்டும்.

குளியலறையில் கண்ணாடித் தடுப்பு இருந்தால், அதற்கு உள்ளே இருப்பவரைச் சென்சார் காணாது. கதவில் ஒரு திறப்புச் சென்சாரைச் சேர்த்துவிட்டு, கதவு மூடிய பிறகு உள்ளே ஓர் அசைவு தெரிந்தால் கதவு திறக்கும் வரை விளக்கை அணைக்கக் கூடாது என்று விதி எழுதினால் சிக்கல் தீர்ந்தது. நீராவிக்குத் தாங்கும் என்று தயாரிப்பாளர் குறிப்பிட்டிருப்பதையே அங்கே பொருத்துங்கள்.

படிப்பறைக்கு, மேசையருகே ஒரு மின்செருகி நிச்சயம் இருக்கும் என்பதால், யூஎஸ்பி மின்சாரத்தில் இயங்கும் ராடார் சென்சாரை வாங்குங்கள். சுவரை உடைக்க வேண்டியதில்லை. அதன் பார்வையில் மின்விசிறியும் அசையும் திரைச்சீலையும் படாதவாறு திருப்பி வையுங்கள், மெல்லிய தடுப்புச் சுவரைத் தாண்டியும் அது பார்க்கும் என்பதால் உணரும் தொலைவையும் அறையின் அளவுக்குக் குறைத்துவிடுங்கள். மின்செருகியே வேண்டாம் என்றால் கலப்பு வகை ஒன்றை முயலலாம். அதுவும் இல்லையென்றால் சாதாரண பிஐஆரை வைத்து, அணையும் நேரத்தை 20 நிமிடமாக உயர்த்துவதே வழி.

வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால், பட்டன் செல் கொண்டவற்றில் திருகாணியால் மூடும் அறை உள்ளதை மட்டுமே வாங்குங்கள். விழுங்கப்பட்ட பட்டன் செல் உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்திற்குள் கடுமையான புண்ணை உண்டாக்கிவிடும்; விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தாலே உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.