கேள்வி – பதில்: கன்னிமாரா நூலகத்துக்கு நாங்களும் போகலாமா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் குடியிருக்கிறோம். ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள், எழும்பூர் கன்னிமாரா நூலகத்தின் பழைய கட்டடத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். சிபாரிசு எதுவும் இல்லாத எங்களை உள்ளே விடுவார்களா? பெயரைக் கேட்ட என் மாமியார், அது கன்னிமார் கோயிலா என்கிறார். பெயர் வந்த காரணத்தையும் சொல்லுங்கள்.
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: நூலகத்துக்குள் நீங்கள் தாராளமாகப் போகலாம், யாருடைய சிபாரிசும் தேவையில்லை. நூல்களை வீட்டுக்கு எடுத்துச் செல்லத்தான் உறுப்பினராக வேண்டும். உட்கார்ந்து படிக்க அதுவும் வேண்டாம். உங்கள் கடிதத்தில் என்னை வருத்தியது, ‘எங்களை உள்ளே விடுவார்களா’ என்ற தயக்கம்தான். நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் போன்றவர்கள் பல ஆண்டுகள் உழைத்ததன் பயனாக 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் இயற்றப்பட்டது. அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த 1950இல் கன்னிமாரா மாநில மைய நூலகமானது. சொத்து வரியோடு சேர்த்து வசூலிக்கப்படும் நூலக வரியும் அதே சட்டத்தின் வழியாக வந்ததே. வரி செலுத்தும் குடும்பம் விருந்தாளியைப் போல வாசலில் தயங்கி நிற்க வேண்டியதில்லை.

பெயரைப் பொறுத்தவரை, உங்கள் மாமியாரைப் போல நினைத்தவர்கள் பலர். கன்னிமாரா என்பது அயர்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள ஒரு பகுதி. அந்தப் பெயரைப் பட்டமாகக் கொண்ட கன்னிமாரா பிரபு சென்னை ஆளுநராக இருந்தபோது, 1890 மார்ச் மாதத்தில் இந்தக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டினார். 1896 டிசம்பர் 5 அன்று நூலகம் திறக்கப்பட்டபோது ஆளுநராக இருந்தவர் ஹேவ்லாக்.

உங்கள் மகளை நேராக எழும்பூருக்கு அழைத்துச் செல்லாமல், முதலில் பாரிமுனையில் இறங்கி உயர் நீதிமன்றத்தைக் காட்டுங்கள். வடசென்னைக்காரர்கள் நாள்தோறும் கடந்து போகும் அந்தச் செங்கல் சிவப்புக் கட்டடத்தில் பணியாற்றிய கட்டடக் கலைஞர் ஹென்றி இர்வினும் ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டியாரும்தான் கன்னிமாராவையும் எழுப்பினார்கள். அங்குள்ள கோபுரங்களையும் வளைவுகளையும் பார்த்துவிட்டுப் போகிற பிள்ளைக்கு, எழும்பூரில் அதே கைகளின் வேலையை அடையாளம் கண்டுகொள்வது எளிதாகிவிடும். உயர் நீதிமன்ற நிலையத்தில் மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் வண்டி மாறினால் அடுத்தது எழும்பூர். அங்கிருந்து நூலகம் இருக்கும் பாந்தியன் சாலை அதிகத் தொலைவில்லை. பக்கத்திலுள்ள அருங்காட்சியகத்தையும் சேர்த்துப் பார்ப்பதென்றால் வெள்ளிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். அன்று அதற்கு விடுமுறை.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வாசகர்கள் அன்றாடம் புழங்குவது 1970களிலும் அதன் பின்னரும் எழுந்த புதிய கட்டடங்களில்தான். பழைய மண்டபம் எல்லா நாளும் எல்லாருக்கும் திறந்திருக்கும் இடமன்று. ஆகஸ்டில் சென்னை தினத்தை ஒட்டியும், நவம்பர் 14 முதல் 20 வரையிலான தேசிய நூலக வாரத்திலும் பார்வைக்குத் திறக்கிறார்களா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். மற்ற நாட்களில் நூலகரிடம் எழுத்து மூலம் அனுமதி கேட்டுப் பாருங்கள். உள்ளே போக வாய்த்தால், உடனே செல்பேசியை வெளியே எடுக்காமல் சற்று நேரம் அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். நீண்ட மண்டபத்தின் மேல் வில்லாக வளைந்த கூரையும், அதை நிறைக்கும் இலை, பூ வேலைப்பாடுகளும், வண்ணக் கண்ணாடிகளின் வழியே இறங்கும் வெளிச்சமும், கீழே தேக்கு அலமாரிகளும் பழகுவதற்குக் கண்ணுக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

மண்டபம் பூட்டியிருந்தாலும் அந்தப் பயணம் வீணாகாது என்பதே என் எண்ணம். 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு படி வந்து சேர வேண்டிய நான்கு நூலகங்களுள் கன்னிமாராவும் ஒன்று. பின்னர் நாளிதழ்களும் பருவ இதழ்களும் இந்த ஏற்பாட்டில் சேர்ந்தன. ஆகவே, உங்கள் மகள் பிறந்த நாளில் வெளிவந்த நாளிதழைப் பார்க்க முடியுமா என்று இதழ்கள் பிரிவில் கேளுங்கள். இதழ்களைச் சேர்த்துக் கட்டிய தொகுப்பு வந்தால் அதை மேசைமேல் படுக்கையாக வைத்தே புரட்ட வேண்டும். விரலில் எச்சில் தொடாமல், மேல் மூலையின் அடியில் உள்ளங்கையைக் கொடுத்து, தாளின் முழுப் பாரத்தையும் தாங்கியபடி திருப்ப வேண்டும். கீழ் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் பழைய தாள் மடிப்பிலேயே ஒடிந்துவிடும். இதை அவளுக்கு வீட்டிலேயே சொல்லிப் பழக்கி அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: இளமையில் நான் படித்த, லிங்கிச் செட்டித் தெரு மறைமலையடிகள் நூலகம் இப்போது எங்கே இருக்கிறது?
– வாசகர், கொருக்குப்பேட்டை

பதில்: அதுவும் கன்னிமாரா வளாகத்துக்கே சென்றுவிட்டது. 1950இல் மறைந்த அடிகளார் விட்டுச்சென்ற ஏறத்தாழ 4,000 நூல்களை அடிப்படையாகக் கொண்டு, சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தின் வ.சுப்பையா பிள்ளை 1958இல் உங்கள் பக்கத்தில் தொடங்கிய நூலகம் அது. தண்டையார்பேட்டை வாசகிக்குச் சொன்ன வழியிலேயே நீங்களும் போகலாம்.