கேஜிஎஃப்ல ஊழியம் செஞ்சவருக்கு நினைவுச்சின்னம் எப்படி வைக்கலாம்?

கேஜிஎஃப் (கர்நாடகால இருக்கற கோலார் தங்கவயல்) மாதிரி சுரங்க ஊர்ல ஜனங்களோட ஜனமா உழைச்ச ஒரு கிறிஸ்தவ ஊழியருக்கு சிலை வைக்கலாமா, இல்ல வேற ஏதாவது செய்யலாமானு கேட்டிருக்கீங்க. நான் வேலூர்காரன், எங்க வட ஆற்காடு பக்கத்துலருந்து எத்தனையோ குடும்பம் அங்க தங்கம் வெட்டப் போச்சு, அதனால இது எனக்கு ரொம்ப நெருக்கமான விஷயம்.

எங்க மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மாவையே எடுத்துக்கோங்க, 1870ல ராணிப்பேட்டைல பொறந்தவங்க, 1900ல ஒரே ஒரு பெட்டோட அவங்க ஆரம்பிச்சதுதான் இன்னைக்கு வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரி, அவங்க பேர்ல ரோடு கூட இருக்கு, ஆனா ஊர் ஊரா வண்டில போயி ரோட்டோரமா வைத்தியம் பார்த்தாங்களே, அந்த மாதிரி வேலை இன்னும் நிக்காம நடக்குது பாருங்க, அதுதான் பெருசு.

கேஜிஎஃப் சுரங்கத்த 2001ல மூடிட்டாங்க, ஆனா கல்லு தூசிய வருஷக்கணக்கா சுவாசிச்சா வர்ற சிலிகோசிஸ் வேலைய விட்டப்புறமும் விடாது, நுரையீரல்ல விழுந்த தழும்பு ஆறாது, டிபியும் சீக்கிரம் ஒட்டிக்கும்.

அதனால சிலை வேணாம்ங்க. தமிழ்லயும் கன்னடத்துலயும் சின்னதா ஒரு கல்வெட்டு, அவர் என்ன செஞ்சார்னு தெளிவா எழுதி, மீதி காசுல நெஞ்சு எக்ஸ்ரே கேம்ப், பென்ஷன் பேப்பர் எழுதித்தர ஒரு ஆள். கூட உழைச்ச பொம்பளைங்க பேரையும் கல்லுல போடுங்க, அத மட்டும் விட்டுடாதீங்க.