முந்நூறே முந்நூறு பால்கன்

வாசகர் கேள்விகளுக்கு மெல்பர்ன் மெக்கானிக் ஒருவரின் பதில்கள்

கேள்வி: கிரிக்கெட் வீரர் ஜெஃப் தாம்சன் ஒருகாலத்தில் வைத்திருந்த ஃபோர்டு பால்கன் 2018-ல் பத்து லட்சம் ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டி ஏலம் போனதாமே. அந்த விலை தாம்சன் பெயருக்கா, காருக்கா? (கரூர் வாசகர்)

பதில்: காருக்குத்தான். 10.3 லட்சம் டாலர், அன்றைய கணக்கில் ஐந்து கோடி ரூபாய்க்கு மேல். தாம்சன் பெயர் கொஞ்சம் கூட்டியிருக்கலாம், அவ்வளவுதான். அது பால்கன் ஜிடி-எச்ஓ ஃபேஸ் த்ரீ. கம்பெனி அமெரிக்கக் கம்பெனி என்றாலும் கார் பிறந்தது இங்கே, மெல்பர்னின் வடபுறம் பிராட்மெடோஸ் தொழிற்சாலையில். 1971-ல் 300 கார்கள் செய்தார்கள், அதோடு சரி.

பாதர்ஸ்ட் ஊர் மலைச்சுற்றில் நடக்கும் 500 மைல் பந்தயத்துக்கு அப்போது ஒரு விதி இருந்தது. ஷோரூமில் பொதுமக்களுக்கு விற்கிற கார்தான் ஓட வேண்டும், அதுவும் சொன்ன எண்ணிக்கையில் செய்திருக்க வேண்டும். ஃபோர்டு என்ன செய்தது? பந்தயக் காரையே செய்து, நாலு கதவு வைத்து, குடும்பக் கார் என்று விற்றது! 5.8 லிட்டர் வி8 எஞ்சின். காகிதத்தில் 300 குதிரைசக்தி. உண்மையில் 350-க்குக் குறையாது என்பதுதான் இங்குள்ள பட்டறைகளில் பேச்சு. அடிக்கடி நிற்காமல் ஓடுவதற்காக 164 லிட்டர் பெட்ரோல் டாங்க். பானெட்டில் ஓட்டை போட்டு வெளியே நீட்டிய காற்றுவாய் எஞ்சினோடு சேர்த்துப் பொருத்தியது, அதனால் எஞ்சின் உறுமும்போது அதுவும் குலுங்கும். 'வீல்ஸ்' பத்திரிகைக்காரர்கள் ஓட்டிப் பார்த்து, ஸ்பீடாமீட்டர் முள் மணிக்கு 140 மைலில் நிற்பதைப் படம் பிடித்துப் போட்டார்கள். அந்த ஆண்டு பாதர்ஸ்ட்டில் பந்தய வீரர் ஆலன் மொஃபாட் ஃபேஸ் த்ரீயை மாற்று டிரைவர் இல்லாமல் தனியாளாக ஓட்டி ஜெயித்தார். நடுவில் எங்கிருந்தோ பறந்து வந்த பீர் அட்டைப்பெட்டி முன்கிரில்லில் ஒட்டிக்கொள்ள, அதோடேயே ஓட்டினார்.

1972 ஜூனில் சிட்னிப் பத்திரிகை ஒன்று, 160 மைல் வேகக் கார்கள் சீக்கிரமே சாலைக்கு வரப்போகின்றன என்று முதல் பக்கத்தில் எழுதியது. நியூ சவுத் வேல்ஸ் போக்குவரத்து அமைச்சர் மில்டன் மோரிஸ் கொதித்தெழுந்தார். சில நாட்களிலேயே ஃபோர்டு, ஹோல்டன், கிறைஸ்லர் மூவரும் அடுத்த திட்டங்களைக் கைவிட்டார்கள். ஃபேஸ் த்ரீக்கு அடுத்து வரவிருந்த ஃபேஸ் ஃபோர் நான்கே நான்கு கார்களோடு நின்றது. மறு ஆண்டு பந்தய விதியும் மாறியதால் இப்படி ஒரு காரை விற்க வேண்டிய கட்டாயமே போய்விட்டது. ரசிகர்கள் இன்றும் அந்த அமைச்சரைத் திட்டுவார்கள். நான் திட்ட மாட்டேன். பின்சக்கரத்தில் டிரம் பிரேக்கை வைத்துக்கொண்டு 225 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டியை, லைசென்ஸ் வைத்திருக்கிற யார் கையிலும் கொடுப்பது வம்புதான்.

கேள்வி: இத்தனை விலை என்றால் போலிகளும் இருக்குமே? (பட்டுக்கோட்டை வாசகர்)

பதில்: இல்லாமலா! இதன் உடம்பு அந்தக் கால டாக்ஸி பால்கனின் உடம்புதான். ஸ்டிக்கர், சீட், காற்றுவாய் எல்லாம் புதிதாகச் செய்து விற்கிறார்கள். ஆகவே பெயின்டைப் பார்த்து மயங்கக் கூடாது. பாடியில் பதித்த எண், எஞ்சின் பிளாக்கில் உள்ள எண், அடையாளத் தகடு எண் மூன்றும் ஒத்துப்போகின்றனவா, கம்பெனிப் பதிவுகளோடு பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். எண் பதித்த இடத்தைச் சுற்றி வெல்டிங் தடம் இருந்தால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள். அப்புறம் ஒரு சின்னக் காந்தம் கொண்டுபோங்கள். ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, பட்டிதான் இருக்கிறது. முதல் சொந்தக்காரர் தொடங்கி யார் யார் கைமாற்றினார்கள் என்ற காகிதம் அறுபடாமல் இருந்தால் அதற்கே பெரிய விலை. நகல் என்று சொல்லியே விற்கிற வண்டிமேல் எனக்குக் கோபமில்லை, ஓட்டுவதற்கு அதுவும் சுகம்தான்.

கேள்வி: வாங்கியவர்கள் ஓட்டுகிறார்களா, மூடி வைக்கிறார்களா? (சேலம் வாசகர்)

பதில்: பெரும்பாலும் மூடித்தான். ஓட்ட வழி இருக்கிறது. எங்கள் மாநிலமான விக்டோரியாவில் 25 வயது தாண்டிய வண்டிக்கு பழைய கார் கிளப் மூலம் ஆண்டுக்கு 45 நாள் அல்லது 90 நாள் பெர்மிட் வாங்கலாம். எடுக்கிற ஒவ்வொரு நாளும் லாக் புக்கில் எழுத வேண்டும்.

கேள்வி: எட்டு சிலிண்டர் இருந்தால்தான் மஸில் காரா? (மதுரை வாசகர்)

பதில்: சாதாரணக் காரில் பெரிய, சக்திவாய்ந்த எஞ்சினை வைத்தால் அது மஸில் கார். எட்டு சிலிண்டர்தான் வேண்டும் என்று இந்த ஊரில் இல்லை. அடிலெய்டில் கிறைஸ்லர் செய்த வேலியன்ட் சார்ஜர் இ49-க்கு ஆறு சிலிண்டர், 4.3 லிட்டர், மூன்று வெபர் கார்புரேட்டர், 302 குதிரைசக்தி. 149 கார்களே வந்தன. மூன்று கார்புரேட்டரையும் ஒத்திசைவுக்குக் கொண்டுவருவதற்குள் இடுப்பு ஒடிந்துவிடும். ஆனாலும் யாராவது எனக்கு இலவசமாகத் தருவதாக இருந்தால் ஃபேஸ் த்ரீயை விட்டுவிட்டு இதைத்தான் கேட்பேன். 1972-ல் மழையில் நடந்த பாதர்ஸ்ட் பந்தயத்தில் பெரிய பால்கன்களைத் தோற்கடித்ததும் ஓர் ஆறு சிலிண்டர் வண்டி, பீட்டர் பிராக் ஓட்டிய 3.3 லிட்டர் ஹோல்டன் டொரானா. ஃபேஸ் த்ரீயோடு ஒப்பிட்டால் அந்த டொரானாவின் விலை இன்றும் எவ்வளவோ குறைவு.